ஜீப் பழசாகிவிட்டால் அடுத்து என்ன? லேண்ட் ரோவரைத் தந்த மாரிஸ் வில்க்ஸ் யார்?

பிரிட்டனில் சோலிஹல் கார் தொழிற்சாலையிலிருந்து சில மைல் தூரத்தில், ஒரு வீட்டுத் தோட்டத்தில் பழைய வண்டி ஒன்று கிடந்தது. எஞ்சின் இறுகிப்போய் அசையவே இல்லை. அதற்கு முன் சுமார் 20 வருஷம் வேல்ஸ் பகுதியில் ஒரு வயலில் நின்று, ஓடாமலேயே வெறும் எஞ்சின் சக்தி தரும் இயந்திரமாக வேலை பார்த்த வண்டி அது. யாரோ ஒருத்தர் வீட்டிலேயே சரி பண்ணிவிடலாம் என்று ஆசையாக வாங்கினார். பாதியில் நின்றுபோனது.

பிறகு லேண்ட் ரோவர் நிறுவனமே அந்த வண்டியைத் தேடி எடுத்துக்கொண்டு போனது. ஏன்னா, 1948-ல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் உலகத்துக்கு முதன்முதலாகக் காட்டப்பட்ட லேண்ட் ரோவர்களில் அதுவும் ஒன்று.

பழைய கார்களை வீட்டு ஷெட்டில் கழட்டி மாட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதில் லேண்ட் ரோவர் சீரிஸ் ஒன் வண்டிக்குத் தனி இடம் உண்டு. அதை வடிவமைத்தவர்கள் எடுத்த சில முடிவுகள்தான் காரணம். அந்த முடிவுகளுக்குப் பின்னால் இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். வண்டியின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் வெளியே தெரியாது.

அண்ணன் நிர்வாகம், தம்பி எஞ்சினியரிங்

மாரிஸ் வில்க்ஸ் 1904 ஆகஸ்ட் 19-ம் தேதி இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹெய்லிங் தீவில் பிறந்தார். மால்வர்ன் கல்லூரியில் படிப்பு. இருபதுகளின் தொடக்கத்திலேயே அமெரிக்கா போய் ஜெனரல் மோட்டார்ஸில் இரண்டு வருஷம் வேலை பார்த்தார். திரும்பி வந்து ஹில்மேன் கார் கம்பெனியில் சேர்ந்தார்.

ஹில்மேனில் அவருக்கு ஆள் இருந்தது. அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ், கம்பெனியின் நிறுவனர் வில்லியம் ஹில்மேனின் மருமகன். மாரிஸைவிட 13 வயது மூத்தவர். ஹில்மேன் கைமாறியதும் ஸ்பென்சர் ரோவர் கம்பெனிக்குப் போனார். 1930-ல் மாரிஸும் அங்கே வந்து சேர்ந்து, சீக்கிரமே தலைமைப் பொறியாளர் ஆனார்.

அப்போது ரோவர் கிட்டத்தட்ட மூழ்குகிற நிலையில் இருந்தது. நிறைய மாடல், நிறைய கடன். அண்ணன், தம்பி இருவரும் எடுத்த வழி எளிமையானது: குறைவாகச் செய், நன்றாகச் செய். டாக்டர், வக்கீல், வங்கி மேலாளர் மாதிரியான ஆட்கள் வாங்குகிற, ஆடம்பரம் இல்லாத, தரமான கார் என்று ரோவருக்கு ஒரு பெயர் உருவானது. பத்து வருஷத்தில் கம்பெனி காலூன்றியது. குடும்பக் கம்பெனி மாதிரிதான் இருந்தது என்றும் சொல்ல வேண்டும். பின்னாளில் மாரிஸின் மைத்துனர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் நிர்வாக இயக்குநர் ஆனார். சகோதரி மகன் ஸ்பென் கிங் முக்கியமான பொறியாளர் ஆனார்.

ஜெட் எஞ்சினில் பட்ட சூடு

இரண்டாம் உலகப் போர் வந்ததும் ரோவருக்கு அரசு கொடுத்த வேலைகளில் ஒன்று, ஃபிராங்க் விட்டில் கண்டுபிடித்த ஜெட் எஞ்சினைத் தயாரிப்பது. வட இங்கிலாந்தில் பழைய நூற்பாலைக் கட்டடங்களில் வேலை தொடங்கியது.

ஆனா, விட்டிலுக்கும் ரோவருக்கும் ஒத்தே போகவில்லை. தான் வரைந்து கொடுத்ததை அப்படியே செய்யச் சொன்னார் விட்டில். வில்க்ஸ் தரப்போ, தயாரிப்புக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும் என்றது. ஏட்ரியன் லம்பார்ட் என்ற இளம் பொறியாளர் ரோவருக்காக வேறு அமைப்பில் ஒரு எஞ்சினையே வரைந்தார். அது விட்டிலுக்குத் தெரியாமல் நடந்தது. இதை நம்பிக்கைத் துரோகம் என்றுதான் விட்டில் கடைசிவரை பார்த்தார்.

1942 கடைசியில் ஸ்பென்சரும் ரோல்ஸ் ராய்ஸின் எர்னஸ்ட் ஹைவ்ஸும் கிளித்தரோ ஊரில் ஒரு விடுதியில் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தை முடித்துவிட்டார்கள். ஜெட் எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸுக்கு. பதிலுக்கு அவர்கள் செய்துகொண்டிருந்த டாங்கி எஞ்சின் ரோவருக்கு. அவ்வளவுதான். லம்பார்ட் வரைந்த அமைப்பையே பிறகு ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் எஞ்சினுக்கு எடுத்துக்கொண்டது. ஆக, ரோவர்காரர்கள் சொன்னதில் தொழில்நுட்ப நியாயம் இருந்தது. நடந்துகொண்ட விதத்தில் நியாயம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

இந்த அனுபவம் மாரிஸை விடவில்லை. கேஸ் டர்பைன் எஞ்சினைக் காரில் வைக்க முடியுமா என்ற யோசனை அவரோடே இருந்தது.

போர் முடிந்தது, இரும்பு இல்லை

1945-ல் ரோவரின் நிலைமை இது: கவென்ட்ரி தொழிற்சாலை குண்டுவீச்சில் அடி வாங்கியிருந்தது. கையில் இருந்தது, போருக்காக அரசு கட்டிய பெரிய சோலிஹல் தொழிற்சாலை. இடம் இருக்கு, ஆள் இருக்கு, செய்ய கார்தான் இல்லை.

இரும்புத் தகடு ரேஷனில் இருந்தது. யார் அதிகம் ஏற்றுமதி செய்கிறார்களோ அவர்களுக்குத்தான் அரசு இரும்பு கொடுக்கும். ரோவர் கார்களோ பெரும்பாலும் உள்ளூர் நடுத்தர வர்க்கம் வாங்குகிற கார்கள். வெளிநாட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு சின்ன கார் செய்யலாம் என்று திட்டம் போட்டு, அதையும் கைவிட்டார்கள். சோலிஹல் ஆலை காலியாகவே கிடந்தால் கம்பெனி தாங்காது. வெளிநாட்டில் விற்கிற ஏதாவது ஒன்று உடனே வேண்டும்.

அதே நேரத்தில் மாரிஸ் வேல்ஸை ஒட்டிய ஆங்கிள்சி தீவில் தனக்கு இருந்த நிலத்தில் ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்க ராணுவம் விட்டுப்போன உபரி வண்டி. வயலில் இழுக்க, கட்டை ஏற்ற, சேற்றில் போக என்று எல்லாத்துக்கும் அதுதான்.

குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்த கதை இப்படிப் போகிறது. 1947 ஈஸ்டர் நேரத்தில், அந்த ஜீப் ஓய்ந்துபோனால் என்ன செய்வாய் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். இன்னொரு ஜீப்தான் வாங்கணும், வேற வழியே இல்லை என்பதுதான் மாரிஸின் பதில். அந்தப் பதிலில் ஒரு வியாபாரம் ஒளிந்திருப்பது இருவருக்குமே உறைத்தது. ஆங்கிள்சியின் ரெட் வார்ஃப் பே கடற்கரையில், ஈர மணலில் மாரிஸ் ஒரு வண்டியின் உருவத்தை வரைந்து காட்டினார் என்பது இந்தக் கதையின் அடுத்த பகுதி.

காப்பியா, கண்டுபிடிப்பா?

உடனே வேலை தொடங்கியது. கார்டன் பாஷ்ஃபோர்ட் என்ற பொறியாளர் உபரி ஜீப்புகளை வாங்கி வந்து பிரித்து அளந்தார். முதல் மாதிரி வண்டியே ஜீப்பின் சேசிஸ் மேல் கட்டப்பட்டதுதான். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஜீப்பில் 80 அங்குலம். லேண்ட் ரோவரிலும் அதே 80 அங்குலம். இதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த முதல் மாதிரியில் ஸ்டீயரிங் நடுவில் இருந்தது, டிராக்டர் மாதிரி. இடது பக்கம், வலது பக்கம் என்று நாட்டுக்கு ஒரு வண்டி செய்யத் தேவையில்லை என்பது யோசனை. ஓட்டிப் பார்த்ததும் சரிப்படவில்லை. அந்த வண்டி இன்று உலகில் எங்கேயும் இல்லை. ஆர்வலர்கள் படங்களைப் பார்த்து நகல் செய்திருக்கிறார்கள்.

ஆனா, ஜீப்பைப் பார்த்து எழுதியதோடு நிற்கவில்லை. இரும்பு கிடைக்காததால் உடலுக்கு பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவைத் தகடு பயன்படுத்தினார்கள். போருக்குப் பிறகு விமானத் தொழிலின் அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. தகட்டை வளைக்கப் பெரிய அச்சு எந்திரம் வாங்கக் காசு இல்லை. அதனால் வளைவே இல்லாமல், கையால் மடித்துச் செய்யக்கூடிய தட்டையான பலகைகளாகவே உடலை வரைந்தார்கள். சேசிஸும் அப்படித்தான். தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டி, நான்கு பக்கமும் வெல்டு வைத்து, பெட்டி மாதிரி ஒட்டினார்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் ரோவர் காரில் ஏற்கெனவே இருந்தவை. எஞ்சின் 1.6 லிட்டர், சுமார் 50 குதிரைத்திறன். எஞ்சினிலிருந்து தனியாகச் சக்தி எடுத்து மர அறுவை எந்திரம், தண்ணீர் பம்ப் ஓட்டவும் வசதி வைத்தார்கள்.

1948 ஏப்ரல் 30. ஆம்ஸ்டர்டாமில் அறிமுகம். விலை 450 பவுண்டு. அந்த விலைக்குக் கதவுகூட கிடையாது. கதவு வேண்டுமென்றால் தனிக் காசு.

இரண்டு, மூன்று வருஷம் சமாளிக்க ஒரு வண்டி, பிறகு வழக்கம்போல கார் செய்யலாம் என்பதுதான் திட்டம். நடந்தது நேர்மாறு. கொஞ்ச காலத்திலேயே ரோவர் கார்களைவிட லேண்ட் ரோவர் அதிகம் விற்க ஆரம்பித்தது. ராணுவம், காவல் துறை, காட்டு இலாகா, தேயிலைத் தோட்டம் என்று போகாத இடம் இல்லை. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் துரைமார் ஓட்டிய வண்டி என்று தாத்தா, பாட்டிகள் சொல்வதில் இதுவும் உண்டு. தமிழர்கள் தலைமுறைகளாக வேலை செய்த மலேசியாவின் கேமரன் மலையில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் காய்கறி மூட்டை ஏற்றி ஓடுகின்றன.

வீட்டில் கழட்டி மாட்ட ஏன் இந்த வண்டி?

பணம் இல்லாத காலத்தில் வில்க்ஸ் குழு எடுத்த குறுக்கு வழிகள்தான், 70 வருஷம் கழித்து வீட்டு ஷெட்டில் ஸ்பேனரோடு நிற்கிறவர்களுக்கு வரமாகியிருக்கின்றன. கூடவே சாபமும்.

முதலில் வரம். உடல் முழுக்க போல்ட் போட்டு மாட்டியது. இப்போதைய கார்களில் உடலும் சட்டமும் ஒரே கட்டு, பிரிக்க முடியாது. சீரிஸ் ஒன்னில் மட்கார்டு, கதவு, பின்பக்கத் தொட்டி என ஒவ்வொன்றாகக் கழட்டி ஓரமாக வைத்துவிட்டால் கீழே ஏணி மாதிரி சேசிஸ் மட்டும் நிற்கும். பலகைகள் தட்டையாக இருப்பதால் நசுங்கல் எடுக்க சுத்தியலும் மரக்கட்டையும் போதும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. டைனமோ, கார்புரேட்டர், டிரம் பிரேக் எல்லாமே கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியவை.

இப்போ சாபம். சேசிஸ் மூடிய பெட்டி என்பதால் உள்ளே போன சேறும் தண்ணீரும் வெளியே வராது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே துரு அரித்துக்கொண்டிருக்கும். அனுபவசாலிகள் அதனால்தான் வண்டி வாங்கும்போது சின்ன சுத்தியலோடு போய் சேசிஸைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்கிறார்கள். கணீர் என்றால் நல்லது. டொக் என்றால் செலவு. குறிப்பாகப் பின்பக்கக் குறுக்குச் சட்டமும், உடலைத் தாங்கப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளும் முதலில் போகும்.

இதில் ஒரு வேதனை என்னவென்றால், ஆரம்பத்தில் சோதனைக்காகச் செய்த 48 வண்டிகளுக்குத் துத்தநாகம் பூசிய சேசிஸ் இருந்தது. விற்பனைக்கு வந்தபோது அதை விட்டுவிட்டு வெறும் பெயிண்ட் அடித்தார்கள். அந்தப் பூச்சு தொடர்ந்திருந்தால் இன்றைக்கு வெல்டிங் செலவு பாதி மிச்சம்.

அடுத்தது, எஞ்சினுக்கும் ஓட்டுநரின் காலுக்கும் நடுவில் இருக்கும் சுவர். அலுமினிய வண்டி என்று சொன்னாலும் இந்தச் சுவர் இரும்பு. கால் வைக்கும் இடமும் கதவுக் கீல் மாட்டும் தூணும்தான் அதிகம் பொத்தலாகும். இது நேராக இல்லை என்றால் கதவு, கண்ணாடி எதுவுமே சரியாக உட்காராது. அவசரப்பட்டு இதைக் கழட்டி, அளவு எடுக்காமல் வெல்டு வைத்தவர்கள் பிறகு வாரக்கணக்கில் அவதிப்படுவார்கள்.

அலுமினியத்துக்குத் துரு இல்லையே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பேட்டரி மாதிரி வேதிவினை நடக்கும். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அதனால் திரும்ப மாட்டும்போது இரண்டுக்கும் நடுவில் பூச்சோ தடுப்போ வைத்தே ஆக வேண்டும்.

வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் செட்டும் இங்கே உதவாது. அந்தக் கால பிரிட்டிஷ் அளவு போல்ட்டுகள். பொருந்தாத ஸ்பேனரைப் போட்டால் போல்ட் தலை வழுக்கி உருண்டையாகிவிடும். மின்சாரத்திலும் ஒரு பொறி இருக்கு. இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனை உடலோடு சேரும். சீரிஸ் ஒன்னில் பாசிட்டிவ் முனை. கவனிக்காமல் பேட்டரியை மாட்டினால் புகைதான்.

1950 வரை வந்த வண்டிகளில் இன்னொரு விசேஷம். நான்கு சக்கர இயக்கம் எப்போதும் ஆனில் இருக்கும். ஆனா, முன் சக்கரங்கள் வேகமாகச் சுற்றினால் தானாக விடுபடுகிற ஒரு அமைப்பு இடையில் உண்டு. சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் சுற்றுகிறதே, அந்த மாதிரி. ரோவர் கார்களில் இருந்த யோசனையை வில்க்ஸ் குழு இங்கே கொண்டுவந்தது. கால் பக்கத்தில் ஒரு வளையத்தை இழுத்தால் அது பூட்டிக்கொள்ளும். இந்த அமைப்புள்ள வண்டி கிடைத்தால் ஆர்வலர்கள் விடமாட்டார்கள்.

முன் சக்கரம் திரும்பும் மூட்டிலிருந்து எண்ணெய் கசிவது வேறு கதை. கீழே எண்ணெய் சொட்டாத லேண்ட் ரோவர் என்றால் உள்ளே எண்ணெயே இல்லை என்று அர்த்தம் என்பது உலகம் முழுக்க ஓடுகிற ஜோக்.

பாதியில் நின்றுபோகிற வண்டிகள் பெரும்பாலும் நிற்பது எஞ்சினால் இல்லை. ஒரே வாரக் கடைசியில் எல்லாத்தையும் கழட்டிப் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி வைக்காமல் விட்டதால்தான். போட்டோ எடுத்து, போல்ட்டுகளைப் பை பையாகப் போட்டுப் பெயர் எழுதி, சேசிஸை முடித்துவிட்டு மேலே போகிறவர்கள் வண்டியை ஓட்டுகிறார்கள்.

புதுசா, பழசா?

துருப்பிடித்த சேசிஸுக்குப் பதிலாகத் துத்தநாகம் பூசிய புது சேசிஸ் இன்று விலைக்குக் கிடைக்கிறது. சுவர் கிடைக்கிறது, பலகைகள் கிடைக்கின்றன. எல்லாத்தையும் மாற்றிவிட்டால் அது 1948 வண்டியா, நேற்று செய்த வண்டியா? இந்தச் சண்டை ஆர்வலர்களிடையே ஓயவே ஓயாது. பெயிண்டின் பச்சை எந்தப் பச்சை என்பதிலேயே உறவு முறிந்தவர்கள் உண்டு.

தோட்டத்தில் கிடைத்த ஆம்ஸ்டர்டாம் வண்டியில் நிறுவனம் எடுத்த முடிவு, முடிந்தவரை பழைய பாகங்களையும் அவற்றின் மேல் ஏறியிருந்த வயதின் தழும்புகளையும் அப்படியே காப்பாற்றுவது. பளபளப்பாக்கி நிறுத்துவதைவிட அதுதான் சரி என்று தோன்றுகிறது. உழைத்துத் தேய்ந்த வண்டிக்கு ஷோரூம் முகம் பொருந்தாது.

இன்னொரு உதாரணம்: ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் 1955-56-ல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை இரண்டு லேண்ட் ரோவர்களில் தரைவழியே போனார்கள். அதில் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயரிட்ட வண்டி பல வருஷம் கழித்து, அட்லாண்டிக் நடுவில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவில் கிடந்தது. அதை மீட்டுச் சரி செய்து, 2019-ல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திருப்பி ஓட்டி வந்தார்கள்.

மாரிஸ் என்ன ஆனார்?

லேண்ட் ரோவர் காசு சம்பாதித்துக் கொடுக்க, மாரிஸ் தன் பழைய ஆசைக்குத் திரும்பினார். 1950-ல் ரோவர் ஜெட் ஒன் என்ற காரைக் காட்டியது. உலகின் முதல் கேஸ் டர்பைன் கார். 1952-ல் பெல்ஜியத்தின் ஜாபெக் சாலையில் அது மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனா எரிபொருளை அது குடித்த வேகத்துக்கு யாரும் வாங்கி ஓட்ட முடியாது. இன்று அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1962-ல் மாரிஸ் ரோவரின் தலைவர் ஆனார். 1963 ஜூனில் ரோவரும் பி.ஆர்.எம். நிறுவனமும் சேர்ந்து செய்த டர்பைன் கார், கிரஹாம் ஹில், ரிச்சி ஜிந்தர் ஓட்ட, லே மான் பந்தயத்தில் 24 மணி நேரமும் ஓடி முடித்தது. மற்ற கார்களோடு ஒப்பிட முடியாத வகை என்பதால் அதற்கு இடம் எதுவும் தரப்படவில்லை.

மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. 1963 செப்டம்பர் 8-ம் தேதி, ஆங்கிள்சியில் நியூபரோ கிராமத்தில் இருந்த தன் பண்ணையில் மாரிஸ் திடீரென இறந்தார். வயது 59. அடுத்த மாதம் வெளிவந்த ரோவர் 2000 கார் ஐரோப்பாவின் முதல் கார் ஆஃப் தி இயர் விருதை வாங்கியதை அவர் பார்க்கவில்லை. சகோதரி மகன் ஸ்பென் கிங் 1970-ல் ரேஞ்ச் ரோவரைக் கொண்டுவந்ததையும் பார்க்கவில்லை.

2015-ல் அதே ரெட் வார்ஃப் பே மணலில், ஆறு லேண்ட் ரோவர்களைக் கொண்டு ஒரு கிலோமீட்டர் அளவுக்கு வண்டியின் உருவத்தை வரைந்து கொண்டாடினார்கள். அடுத்த வருஷம் ஜனவரி 29-ம் தேதி, 1948 வண்டியின் நேரடி வாரிசான டிஃபெண்டரின் கடைசி வண்டி சோலிஹல் ஆலையிலிருந்து வெளியே வந்தது. தற்காலிக ஏற்பாடாக ஆரம்பித்த அந்த வரிசையில் மொத்தம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்.

மாரிஸின் கல்லறை ஆங்கிள்சியில் ஒரு சின்ன கிராமத் தேவாலயத்தின் வளாகத்தில் இருக்கிறது. மென்மையான, அடக்கமான மனிதர் என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள். உலகின் முதல் கேஸ் டர்பைன் காரைத் தந்தவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். லேண்ட் ரோவர் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.